பழைய ஜாவா, யெஸ்டி, புல்லட், ஆர்டி வாங்கப் போறீங்களா? வண்டிய தொடறதுக்கு முன்னாடி ஆர்சி புக்க கையில வாங்குங்க

வாரத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க, "அண்ணா ஒரு ஜாவா விலைக்கு வந்திருக்கு, போட்டோ அனுப்பறேன், எவ்வளவு குடுக்கலாம்?"னு. போட்டோல வண்டி பளபளன்னு இருக்கும், மெரூன் கலர், டேங்க் சைடுல குரோம். நான் திருப்பி கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், ஆர்சி யார் பேர்ல இருக்கு? பாதி பேருக்கு அதுக்கு பதில் தெரியாது. மீதி பேரு "ஓனர் இறந்துட்டாருண்ணா, ஆனா பேப்பர் எல்லாம் பக்கா"ம்பாங்க. ஓனர் இறந்துட்டா பேப்பர் எப்படிங்க பக்காவா இருக்கும்?

எத்தனையோ பேருக்கு தனித்தனியா சொல்லி சலிச்சுட்டதால மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன். இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் கோயம்புத்தூர்லயோ சேலத்துலயோ ஒரு லேத்துல கொண்டுபோய் போட்டா சரி பண்ணிடலாம், பேப்பர் கெட்டிருந்தா காசு கொட்டினாலும் சில சமயம் நடக்காது. அதனால நான் பாக்கற வரிசை இதுதான்: பேப்பர், நம்பர், காணாம போன பார்ட்ஸ், கடைசியா இன்ஜின். எல்லாரும் இத தலைகீழா பாக்கறாங்க, நேரா போய் கிக் அடிச்சு சத்தத்துல மயங்கிடறாங்க.

முதல்ல எந்த வண்டி வேணும்னு முடிவு பண்ணுங்க

"ஏதாவது விண்டேஜ் பைக் வேணும்"னு கெளம்பினா கண்டிப்பா ஏமாந்துதான் வருவீங்க. ஒரு மாடல புடிச்சு அதைப் பத்தி ஆறு மாசம் படிங்க, ஓட்டறவங்கள போய் பாருங்க. நம்ம பக்கம் கைக்கு எட்டற மாதிரி இருக்கறது இவ்வளவுதான்.

ஜாவா, யெஸ்டி. மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி 1961ல உற்பத்திய ஆரம்பிச்சு, எழுபதுகள்ல ஜாவாங்கற பேர விட்டுட்டு யெஸ்டின்னு மாத்தி, 1996ல மூடிட்டாங்க. 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டருக்கு ரெண்டு சைலன்சர். கிக்கரும் கியர் லிவரும் ஒண்ணுதான், உள்ள தள்ளி மேல தூக்கினா கிக்கர், அடிச்சு ஸ்டார்ட் ஆனதும் திரும்ப முன்னாடி மடக்கினா கியர். முதல் தடவ பாக்கறவங்க "கிக்கர் எங்கப்பா?"ன்னு வண்டிய ரெண்டு சுத்து சுத்துவாங்க. முதல் பழைய வண்டியா வாங்க நான் கை காட்டறது யெஸ்டி ரோட்கிங்தான், பார்ட்ஸ் இன்னும் கிடைக்குது, மைசூர் பெங்களூர் பக்கம் இதுலயே ஊறிப்போன மெக்கானிக்குங்க இருக்காங்க, ஜூலை ரெண்டாவது ஞாயிறு ஜாவா டே அன்னிக்கு ஏதாவது பெரிய ஊருக்கு போனீங்கன்னா ஒரே காலையில நூறு கேள்விக்கு பதில் வாங்கிட்டு வந்துடலாம். 2018ல ஜாவா பேர்ல புது பைக் வந்தப்புறம் பழசு வச்சிருக்கறவங்க விலைய ஏத்திட்டாங்கங்கறது மட்டும்தான் குறை.

புல்லட். 1955ல ராயல் என்ஃபீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸோட சேந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஆரம்பிச்சது, திருவொற்றியூர்ல செஞ்சது. 346 சிசி, காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. இப்ப ஓட்டற பைக்குல இருந்து இதுல ஏறினா முதல் சிக்னல்ல பிரேக்குன்னு நினைச்சு கியர மிதிப்பீங்க, நானும் மிதிச்சிருக்கேன். இதுல டீசல் புல்லட்டுன்னு ஒண்ணு விலைக்கு வரும், அங்க உஷாரா இருங்க. கம்பெனியே செஞ்ச டீசல் பைக் டாரஸ், 325 சிசி. ஆனா ரோட்டுல ஓடறதுல பாதிக்கு மேல பெட்ரோல் புல்லட்ல தண்ணி பம்பு இன்ஜின் மாதிரி எதையாவது தூக்கி வச்சதுதான். ஆர்சில எரிபொருள்ங்கற இடத்துல டீசல்னு இருக்கான்னு பாருங்க, பெட்ரோல்னு இருந்தா அது கலெக்ஷனும் இல்ல, சட்டப்படியும் இல்ல.

ராஜ்தூத் 350, எல்லாரும் ஆர்டின்னு சொல்றது, யமஹா ஆர்டி 350ங்கற ஜப்பான் வண்டியோட இந்திய வடிவம். எஸ்கார்ட்ஸ் 1983ல கொண்டு வந்தாங்க, 347 சிசி, ரெண்டு சிலிண்டர், ஆறு கியர். ஹை டார்க் (எச்டி), லோ டார்க் (எல்டி), அதாவது இழுவை அதிகம், கம்மின்னு ரெண்டு வகை, எச்டி 30.5 குதிரைத்திறன், எல்டி 27. எச்டிக்கு விலை அதிகம்ங்கறதால எல்டிய எச்டின்னு சொல்லி விக்கறது ரொம்ப சாதாரணம். ஜப்பான்ல டிஸ்க் பிரேக் இருந்த வண்டிக்கு இங்க முன்னாடி டிரம் போட்டாங்க, அந்த ஓட்டத்துக்கு அந்த பிரேக் பத்தவே பத்தாது. முதல் பழைய பைக்கா இத வாங்காதீங்க, பிடிவாதமா இருந்தா உங்க இஷ்டம்.

யமஹா ஆர்எக்ஸ் 100. 1985ல இருந்து 1996 வரைக்கும், 98 சிசி, 11 குதிரைத்திறன். இத நான் அபூர்வம்னு சொல்ல மாட்டேன், தெருவுக்கு ஒண்ணு நிக்குது, ஆனா ஒரிஜினலா நிக்கறது அபூர்வம். ஏதோ ஒரு வண்டி ஃபிரேமுல வேற வண்டி இன்ஜின், ஆர்எக்ஸ் 135ஓட சிலிண்டர், ஸ்டிக்கர் மட்டும் 100. இதுக்கு இப்ப கேக்கற விலையெல்லாம் எனக்கு நியாயமா தெரியல.

இன்ட் சுசுகி ஏஎக்ஸ் 100, என்ஃபீல்டு ஃப்யூரி, சில்வர் பிளஸ்னு இன்னும் இருக்கு. அழகான வண்டிங்கதான், விலையும் கம்மி, ஆனா பார்ட்ஸ் தேடியே பாதி ஆயுசு போயிடும்.

ஸ்டெப் 1: ஆர்சி புக்

போன்லயே கேட்டு வாங்க வேண்டியது ஆர்சியோட எல்லா பக்க போட்டோவும். முதல் பக்கம் மட்டும் அனுப்பினா மீதியையும் கேளுங்க. ஏன்னா என் கதை கேளுங்க.

நான் வாங்கின ரெண்டாவது வண்டி 84 மாடல் ரோட்கிங், பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்பு வீட்டுல தேங்கா மட்டைக்கு பின்னாடி நின்னுட்டு இருந்துச்சு. ஓனர் உயிரோட இருக்காரு, அவர் பேர்லயே ஆர்சி, முதல் ஓனர், எனக்கு தலைகால் புரியல. காச குடுத்து வண்டிய ஏத்திட்டு வந்துட்டேன். ஆர்டிஓ ஆபீஸ்ல கிளார்க் மூணாவது பக்கத்த வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாத்துட்டு "இது என்னங்க?"ன்னாரு. ஊதா கலர் ரப்பர் ஸ்டாம்ப், தண்ணி பட்டு பாதி கரைஞ்சு போயிருக்கு, எச்பி. அதாவது கடன்ல வாங்கின வண்டி, கடன் கட்டி முடிச்சும் ஆர்சில அத எடுக்கல. அந்த ஃபைனான்ஸ்காரங்க கிட்ட ஃபார்ம் 35ல கையெழுத்து வாங்கிட்டு வரணும். அந்த ஃபைனான்ஸ் இருந்த இடத்துல இப்ப பேக்கரி இருக்கு. எட்டு மாசம் அலைஞ்சேன். கடைசில அதுல பார்ட்னரா இருந்த ஒரு பெரியவர திருப்பூர் பக்கம் தேடிப் புடிச்சோம், அவர் பீரோவுல இருந்து பழைய சீல எடுத்தாரு, இங்க் பேட் காஞ்சு கட்டையா கெடந்துச்சு, பேரன் ஓடிப் போய் கடையில புதுசு வாங்கிட்டு வந்தான். சீல் விழுந்தப்ப எனக்கு வண்டி ஸ்டார்ட் ஆன மாதிரி இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி ஒரு பெரியவர் கிடைப்பாருன்னு நினைக்காதீங்க.

ஆர்சில பாக்க வேண்டியது:

- எச்பி ஸ்டாம்ப் இருக்கா. இருந்தா கேன்சல் பண்ணின ஸ்டாம்பும் இருக்கா.
- கடைசி ஓனர் பேரும் விக்கறவர் பேரும் ஒண்ணா. இல்லைன்னா நடுவுல எத்தனை கை மாறியிருக்குன்னு கேளுங்க. "ஓபன் ஃபார்ம் கையெழுத்து போட்டு வச்சிருக்கு"ன்னு, அதாவது வாங்கறவர் பேர் எழுதாத ஃபார்ம்ல கையெழுத்து இருக்குன்னு சொன்னா அந்த கையெழுத்து போட்டவர நேர்ல பாக்காம காசு குடுக்காதீங்க.
- ஓனர் இறந்திருந்தா இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்களோட சம்மதம், ஃபார்ம் 31. முதல்ல வாரிசு பேருக்கு மாத்தச் சொல்லுங்க, அப்புறம் நீங்க வாங்குங்க. அந்த செலவ வேணா நீங்களே ஏத்துக்கங்க, பரவால்ல.
- ரினியூவல் எதுவரைக்கும் இருக்கு. முதல் 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா ஃபார்ம் 25 போட்டு நீட்டிக்கணும். 20 வருஷம் தாண்டின பைக்குக்கு 2025 ஆகஸ்ட்ல கட்டணத்த 2,000 ரூபாயா ஏத்தியிருக்காங்க. லேட்டானா பைக்குக்கு மாசம் 300 ரூபாய் கூடுதல்னு 2022 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு, மூணு வருஷ பாக்கின்னா அதுவே 10,800. பசுமை வரி தனி. இதையெல்லாம் ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு ஒரு கணக்கு போட்டு, அந்த தொகைய விலையில கழிக்கச் சொல்லி பேசுங்க.
- வண்டி நம்பர ஆன்லைன்ல போட்டா வருதா. 1989க்கு முந்தின மூணு எழுத்து நம்பர் நிறைய இன்னும் சிஸ்டம்ல ஏறவே இல்ல. வரலைன்னா திருட்டு வண்டின்னு அர்த்தம் கிடையாது, பழைய ரிஜிஸ்டர் பாத்து பேக்லாக் என்ட்ரி போடணும், அதுக்கு வண்டி எந்த ஆர்டிஓல பதிஞ்சதோ அங்கதான் போகணும்.

வெளி மாநில வண்டின்னா ஃபார்ம் 28, என்ஓசி (தடையில்லா சான்று) கட்டாயம். டெல்லி பக்கம் ஆர்டி சல்லிசா கிடைக்குதுன்னு ஆசைப்படறவங்க, அங்க 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு உள்ள சிக்கல் தெரிஞ்சுட்டு போங்க. என்ஓசி கையில வராம வண்டிய ரயில்ல ஏத்த விடாதீங்க.

இன்னொண்ணு, 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவுன்னு 2021ல மத்திய அரசு விதி கொண்டு வந்துச்சு. புது பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல விஏன்னு வரும். கேக்க கெத்தா இருக்கும், ஆனா அந்த பதிவுல தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவ்வளவுதான். ஏற்கனவே பதிவு இருக்கற வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். உங்க வண்டிக்கு உயிரோட ஆர்சி இருந்தா சாதா ரினியூவலே போதும், ஞாயித்துக்கிழமை டீ குடிக்க போறதுக்காவது எடுக்கலாம்ல.

ஸ்டெப் 2: நம்பர் உரசி பாக்கறது

பேப்பர் ஓகேன்னா நேர்ல போங்க. பையில வச்சுக்க வேண்டியது: தின்னர் ஒரு சின்ன பாட்டில், பழைய துணி, வெள்ளை பேப்பர், பென்சில், டார்ச், துணி சுத்தின ஒரு சின்ன காந்தம்.

சேசிஸ் நம்பர் ஜாவா யெஸ்டில ஹேண்டில் பாருக்கு கீழ, ஃபிரேமோட தலைப்பகுதியில இருக்கும். மூணு நாலு கோட் பெயிண்ட் ஏறி நம்பரே தெரியாது. ஓனர் கிட்ட கேட்டுட்டு தின்னர்ல மெதுவா தொடச்சு எடுங்க, பேப்பர வச்சு பென்சில படுக்க வச்சு தேச்சா நம்பர் வெள்ளையா எழும்பி வரும். இப்ப ஒவ்வொரு எண்ணா பாருங்க. கம்பெனி பஞ்ச் ஓரளவு ஒரே ஆழத்துல ஒரே வரிசையில இருக்கும். ஒரு தடவ ஒரு ஜாவால தேச்சப்ப ஏழு எண்ல ஒரே ஒரு 8 மட்டும் கொஞ்சம் மேல ஏறி, மத்ததவிட ஆழமா, சுத்தி கிரைண்டர் ஓடின கோடு. அந்த 8 முன்னாடி 3ஆ இருந்திருக்கும்னு பாத்தவுடனே தெரிஞ்சுது. "வெல்டிங் வச்சாங்க தம்பி"ன்னாரு விக்கறவரு. டீய குடிச்சுட்டு வந்துட்டேன், வண்டிய பத்தி அதுக்கப்புறம் பேசவே இல்ல.

இன்ஜின் நம்பரும் அதே மாதிரி. ரெண்டும் ஆர்சியோட ஒரு எழுத்து மாறாம பொருந்தணும். இன்ஜின் மாத்தியிருந்தா அது ஆர்சில ஏறியிருக்கணும், ஏறியிருந்தாலும் கலெக்ஷனுக்கு மதிப்பு பாதிதான்.

ஸ்டெப் 3: என்ன இருக்குங்கறத விட என்ன இல்லைங்கறது

துரு பிடிச்சு ஆனா முழுசா இருக்கற வண்டிக்கும், பெயிண்ட் அடிச்சு பளபளன்னு ஆனா பாதி பார்ட் டூப்ளிகேட்டா இருக்கற வண்டிக்கும் நடுவுல நான் எப்பவும் துருதான் எடுப்பேன். "ஃபுல் ரிஸ்டோர்டு"ன்னு விளம்பரத்துல பாத்தாலே எனக்கு வயித்த கலக்கும். புது பெயிண்ட்டுக்கு கீழ என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும்? அதுக்குதான் காந்தம், டேங்க் மேலயும் மட்கார்டு மேலயும் நகர்த்திட்டே வாங்க, ஒட்டாம வழுக்கற இடத்துல உள்ள பட்டி வச்சிருக்காங்க.

ஜாவா யெஸ்டின்னா ஒரிஜினல் டேங்க், அதோட முட்டி ரப்பர், பேட்ஜ், ஹெட்லைட் கூடு, அதுக்குள்ள உக்காந்திருக்கற ஸ்பீடோமீட்டர், டூல் பாக்ஸ் மூடி, ரெண்டு சைலன்சர், இதெல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. டூப்ளிகேட் கிடைக்குது, ஆனா தகடு மெலிசு, விரல்ல சுண்டினா டால்டா டப்பா சத்தம் வரும், பழசு "டங்"குன்னு கனமா பேசும். ஆர்டின்னா மீட்டர் செட், சைடு பேனல், ஆயில் டேங்க், ஏர் ஃபில்டர் பாக்ஸ், முன் டிரம். புல்லட்டுக்கு எல்லாமே கிடைக்கும்ங்கறதால அவ்வளவு கவலை இல்ல, சென்னை புதுப்பேட்டையில கிடைக்கலைன்னா டெல்லி கரோல் பாக்ல கிடைச்சுடும்.

புதுப்பேட்டைல தேடப் போனா பழைய பார்ட்ட கையோட எடுத்துட்டு போங்க. பேர் சொல்லி கேட்டா ஏதோ ஒண்ண தலைல கட்டிடுவாங்க, வீட்டுக்கு வந்து மாட்டும்போதுதான் ஓட்டை ஒண்ணு தள்ளி இருக்கும்.

ஸ்டெப் 4: இப்ப கிக் அடிக்கலாம்

போனதும் முதல்ல இன்ஜின தொட்டு பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, ஏன்னு கேளுங்க, ஒரு மணி நேரம் ஆற விடுங்க. அவசரம்னு சொன்னா உங்களுக்கு அவசரம் இல்லைன்னு சொல்லுங்க.

டூ ஸ்ட்ரோக்னா ஆரம்பத்துல புகை வரத்தான் செய்யும், பயப்பட ஒண்ணும் இல்ல. பத்து நிமிஷம் ஓடி நல்லா சூடானப்புறமும் மேகம் மாதிரி வெள்ளையா கக்கிட்டே இருந்து, கியர் ஆயில் கருகற வாடையும் அடிச்சா கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டுல இருக்கற ரப்பர் வளையம் போயிருக்கு. ஆக்சிலேட்டர விட்டும் இன்ஜின் கத்திட்டே இருந்து லேட்டா இறங்கினா எங்கயோ காத்து உள்ள இழுக்குது, மேக்னட் பக்க சீலா இருக்கலாம். ஆர்டில இது ரொம்ப முக்கியம், வருஷக்கணக்கா நின்ன வண்டில சீல் காஞ்சு போயிருக்கும், அப்படியே எடுத்து ஹைவேல முறுக்கினா பெட்ரோல் பத்தாம பிஸ்டன் சிலிண்டரோட புடிச்சுக்கும். அதுக்கு அப்புறம் பிஸ்டன் தேடற வேலை இருக்கே, அத எதிரிக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியா போர் எத்தனாவது ஓவர்சைஸ்னு, அதாவது தேஞ்ச சிலிண்டர எவ்வளவு குடைஞ்சு பெருசு பண்ணியிருக்காங்கன்னு கேளுங்க. கால் கால் மில்லியா ஏறி ஒரு மில்லி வரைக்கும் போனதுன்னா அடுத்து சிலிண்டருக்குள்ள புது குழாய் எறக்கற ஸ்லீவ் வேலைதான். தெரியலைன்னு சொன்னா கடைசி சைஸ்னே வச்சு விலை பேசுங்க.

புல்லட்ல ஆயில் கசியலைன்னாதான் சந்தேகப்படணும்னு எங்க மெக்கானிக் அண்ணா சொல்லுவாரு, பாதி ஜோக் பாதி உண்மை. கசிவு ஓகே, நீலப் புகை ஓகே இல்ல. அடியில இருந்து தட தடன்னு கனமா ஒரு சத்தம், லோடு ஏத்தும்போது அதிகமாச்சுன்னா பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடோட கீழ் பேரிங் போயிருக்கு. கிளட்ச் புடிக்காம கியர் பாக்ஸ் பக்கத்துல இருக்கற நியூட்ரல் ஃபைண்டர (நேரா நியூட்ரலுக்கு கொண்டுபோற லிவர்) மட்டும் மிதிச்சு பாத்துட்டு கியர் பாக்ஸ் நல்லாருக்குன்னு சொல்லாதீங்க, நாலு கியரும் போட்டு ரோட்டுல ஓட்டுங்க.

ஓட்டி பாக்கும்போது ஒரு நேர் ரோட்டுல கைய லேசா வச்சு பாருங்க, ஒரு பக்கமா இழுத்தா ஃபோர்க்கோ ஃபிரேமோ வளைஞ்சிருக்கு. வயரிங், டயர், சீட்டு இதெல்லாம் பாக்கவே வேணாம், எப்படியும் மாத்தத்தான் போறீங்க.

ஸ்டெப் 5: விலை, காசு

ரேட் என்னன்னு கேக்காதீங்க, இதுக்கு ரேட் கார்டு கிடையாது. ஒரே மாடலுக்கு ஒருத்தர் ஒண்ணு சொல்லுவாரு அடுத்தவர் ரெண்டு மடங்கு சொல்லுவாரு. என் கணக்கு இதுதான், முழுசா ரெடியான வண்டி உங்க ஊர்ல என்ன விலைக்கு நிஜமா கை மாறுதுன்னு நாலு பேர் கிட்ட கேளுங்க, கேட்ட விலை வேற கை மாறின விலை வேற. அதுல இருந்து குரோம், பெயிண்ட், போர், கிராங்க், வயரிங், டயர், ஆர்டிஓ எல்லாத்தையும் கழிங்க, வர்றதுல இருந்து இன்னும் ஒரு கால்வாசி கழிங்க, ஏன்னா கழட்டினப்புறம்தான் மீதி தெரியும். அந்த ரோட்கிங்குக்கு நான் குடுத்த காசு அளவுக்கே மறுபடியும் செலவாச்சு, வீட்டுல சொன்ன கணக்கு வேற.

வண்டிய கண்ணால பாக்காம அட்வான்ஸ் போடாதீங்க. "நான் ஆர்மில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, வண்டி பார்சல்ல ரெடியா இருக்கு, டெலிவரி சார்ஜ் மட்டும் அனுப்புங்க"ன்னு யூனிஃபார்ம் போட்டோவோட வந்தா அது ஆர்மியும் இல்ல, வண்டியும் இல்ல. நிஜமாவே ராணுவ ஏலத்துல எடுத்த புல்லட்டுன்னா ஏலப் பேப்பர் ஒரிஜினல் இருக்கணும், ஜெராக்ஸ் காட்டினா நகர்ந்துடுங்க.

காசு குடுக்கற அன்னிக்கே ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து, விக்கறவர் ஆதார் நகல், தேதி நேரம் போட்ட டெலிவரி நோட்டு, எல்லாம் வாங்கிடுங்க. ஒரே மாநிலத்துக்குள்ளன்னா விக்கறவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓக்கு தெரியப்படுத்தணும், வெளி மாநிலம்னா 45 நாள். "அப்புறம் மாத்திக்கலாம்"னு விட்டவங்க வண்டிதான் பத்து வருஷம் கழிச்சு "ஓனர் இறந்துட்டாருண்ணா"ன்னு எனக்கே விலைக்கு வருது. இன்சூரன்ஸ் குறைஞ்சது தேர்ட் பார்ட்டி போட்டுட்டு ரோட்டுக்கு எடுங்க.

வீட்டுக்கு வந்ததும்

அன்னிக்கு ராத்திரியே மொத்தமா கழட்டாதீங்க. கழட்டினதுக்கு ஆள் இருக்கும், மாட்டறதுக்கு ஆள் இருக்காது, சாக்கு மூட்டையில கட்டி வச்ச ஜாவா ஊருக்கு பத்து இருக்கு. ஒவ்வொரு பக்கமா கழட்டும்போது போன்ல போட்டோ எடுங்க, நட்டுங்கள தனித்தனி டப்பாவுல போட்டு பேர் எழுதுங்க.

டேங்க்ல பழைய பெட்ரோல் இருந்தா கீழ எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஊத்தி பாருங்க, அடியில தண்ணியும் துருவும் தனியா நிக்கும். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்த இழுக்கும், அந்த காலத்து ரப்பர் வாஷர், பெட்ரோல் டியூப் எல்லாத்தையும் ஊற வச்சு கெடுக்கும். அதனால டியூப், டேப் வாஷர், கார்ப்பரேட்டர் கேஸ்கெட் மூணையும் புதுசா மாத்திட்டு ஓட்டுங்க, ரெண்டு வாரம் எடுக்க மாட்டேன்னா டேப்ப மூடி கார்ப்பரேட்டர காலி பண்ணி நிறுத்துங்க. ஜாவால டூ டி ஆயில (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) பெட்ரோல்லயே கலக்கணும், 1க்கு 25 கணக்குன்னா லிட்டருக்கு 40 மில்லி. ஆர்எக்ஸ், ஆர்டில தனி ஆயில் பம்ப் இருக்கும், ஆனா முந்தின ஓனர் அத கழட்டி ஓரமா கட்டி வச்சிருப்பாரு, பம்ப் ஓடுதுன்னு நம்பி வெறும் பெட்ரோல்ல ஓட்டிடாதீங்க, முதல் அஞ்சாறு டேங்குக்கு எதுக்கும் கலந்தே ஊத்துங்க.

புல்லட் வாங்கினவங்க கிக் அடிக்க பழகுங்க. சாவிய போட்டு கிக்கர மெதுவா அழுத்தினா ஒரு இடத்துல இறுகும், ஆம்ப் மீட்டர் முள்ள பாத்துட்டே டிகம்ப்ரஷர (சிலிண்டர் அழுத்தத்த வெளிய விடற சின்ன லிவர்) புடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்குங்க, முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷர விட்டுட்டு, கிக்கர மேல வர விட்டு, முழு எடையும் போட்டு ஒரே மிதி. முள்ள பாக்காம கோவத்துல மிதிச்சா கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்காலுக்கு கீழ முன் எலும்புலதான் அடிக்கும், அதனால முதல் ஒரு மாசத்துக்கு செருப்பு போட்டுட்டு கிக் பக்கம் போகாதீங்க, ஷூ போடுங்க.